கண்டி ராஜ வீதியில் கண்ணகித் தாய்

கண்டிப் பெரஹராவை இரவில் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். தீப்பந்தமும், விளக்குப் போட்ட யானைகளும் கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் சாமிக்கு நேரே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று தவிக்கிறவர்களுக்குப் பகல் பெரஹராதான் சரி. நிக்கினிப் பௌர்ணமி இரவோடு ரந்தோலி ஊர்வலங்கள் நிறைவுபெறும். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற நான்கு தேவாலயங்களின் பூசாரிகளான கப்புறாளைமாரும் அதன்பின் கெட்டம்பேயில் மகாவலிக்குள் இறங்குவார்கள். வாளால் தண்ணீரில் வட்டமிட்டு, வட்டத்துக்குள்ளிருந்து குடத்தை நிரப்புவார்கள். போன வருடத்துத் தண்ணீரை ஆற்றிடமே கொடுத்துவிட்டுப் புதுத் தண்ணீரை அடுத்த வருடம் வரைக்கும் காப்பார்கள். நம் திருவிழாவின் தீர்த்தம் வேறென்ன? விழாத் தொடக்கத்தில் நான்கு தேவாலயங்களிலும் ‘கப்’ என்று பால்மரத் துண்டு ஒன்றை நாட்டுகிறார்கள். தோட்டத்து மாரியம்மனுக்குக் கம்பம் நடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீர்த்தமாடித் திரும்பும் தெய்வங்கள் நேரே தங்கள் சன்னிதிக்குப் போவதில்லை. வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தங்குகின்றன. சிங்களவர்கள் ‘கணதெவி கோவில’ என்று சொல்லும் நம் செல்வ விநாயகர்தான் அவர். சுபநேரம் வரும்வரை அங்கே இருந்துவிட்டு, பிற்பகலில் தலதா பெரஹராவோடு சேர்ந்து அரண்மனைப் பக்கம் புறப்படுகின்றன. ராஜாக்கள் கட்டிய நகரத்தில், ராஜ மரியாதையோடு வரும் தெய்வங்கள் பிள்ளையார் வாசலில் காத்திருக்கின்றன என்பதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்தே அத்தைக்கு அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அத்தை என்றால் என் மாமியார். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. “எனக்குக் கண்ணு எதுக்கு? நீ பார்த்துச் சொல்லு, போதும்” என்றார்.

லயத்துச் சனம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். நல்லதண்ணியை விட்டுக் கிளம்பும்போது நல்ல இருட்டு. ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊர் வேறு ஊராகிவிடும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு ஏறும் கூட்டத்தால் இரவும் பகலும் விழித்திருக்கும் கடைத்தெரு, சீசன் முடிந்தால் பலகை அடைத்துக்கொண்டு மழையில் நனைந்து கிடக்கும். மலையும் மஞ்சுக்குள் போய்விடும். சீசன் நாட்களில் இறங்கி வரும் சிங்களக் கிழவிகள், ஏறிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத நம்மைப் பார்த்து “கருணாவை” என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். அப்பன் பாதத்தை அவர்கள் புத்தர் பாதம் என்று தொட்டுக் கும்பிடுகிறார்கள், நாங்கள் சிவன் பாதம் என்று கும்பிடுகிறோம். படி எல்லோருக்கும் ஒன்றுதான். வருடத்தில் பாதி நாள் அவர்கள் நம் ஊருக்கு வருகிறார்களே, ஒரு நாளாவது நாம் அவர்கள் ராஜ நகரத்துச் சாமியைப் பார்க்கப் போக வேண்டாமா?

மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் கடக்கும்போது அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து தலைகாட்டும். அத்தை கும்பிட்டது மூழ்கிக் கிடக்கும் முருகனை. இந்தப் பக்கத்து ஆறெல்லாம் களனியில் விழுந்து கொழும்புக் கடலுக்குப் போகிறது. அட்டன் பக்கம் பெய்கிற மழையோ மகாவலிக்குப் போய்ச் சேர்கிறது. எந்தத் தண்ணீரை அந்த நான்கு குடங்களிலும் மொண்டார்களோ, அதில் நம் தேயிலை மலையில் பெய்த மழையும் கலந்திருக்கிறது என்று நினைத்தபோது நாவலப்பிட்டி வளைவுகளில் எனக்கு வந்த தலைசுற்றல் எங்கே போனதென்று தெரியவில்லை.

கட்டுக்கலையில் இறங்கினோம். வேனை அதற்கு மேல் விடவில்லை.

என்ன சொல்வேன், எப்படிச் சொல்வேன்! தெருவெல்லாம் யானை. இரவெல்லாம் நடந்த யானைகள் ஓரங்கட்டி நின்று தென்னோலையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன. கோயில் மணி அடிக்கிறது, தேங்காய் உடைகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது, கற்பூரப் புகையும் யானைச் சாணமும் கசங்கிய வெற்றிலையும் சேர்ந்து ஒரு மணம். அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு அத்தை “வந்துட்டோம்” என்றார். கோயில் படியில் மேளக்காரர் ஒருவர் பெரயைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். விரல் முட்டிகளில் சுற்றிய துணியை அவிழ்த்தார். தோல் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. எத்தனை இரவு அடித்த கை அது! பிரசாதமாகக் கிடைத்த வாழைப்பழத்தை அந்தக் கையால் உரித்து, பாதியைப் பிட்டு, பக்கத்தில் நின்ற, எங்கள் வேனில் வந்த சின்னப் பையனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். சாமிக்காகப் புண்ணான விரலிலிருந்து வாங்கித் தின்றவனுக்கு வேறு தீட்சை எதற்கு?

நான் பார்த்ததை அத்தைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கதிர்காமத் தேவாலயத்து யானை மேல் முருகனின் ஆயுதம், சிவப்புப் பட்டு, மயில் குறி. “தம்பி அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கான்” என்றார் அத்தை. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளை, கதிர்காமத்துக் காட்டில் வள்ளியோடு குடியிருக்கும் பிள்ளை, வருடத்துக்கு ஒருமுறை தீர்த்தமாடிவிட்டு அண்ணன் வாசலில் வந்து இளைப்பாறுகிறது! கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. புராணத்தில் எழுதாத அந்தச் சமாதானத்தைக் கண்டித் தெருவில் நான் கண்டேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளையாருக்கு முன் குட்டிக்கொள்ளக் கை தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு சிங்கள அம்மா, நான் என்ன செய்ய மறந்தேன் என்பதை எனக்குக் காட்டுகிறவரைப் போல, தன் நெற்றியில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார்.

புறப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்ததால் அரண்மனைப் பக்கம் நடந்தோம். புத்தரின் தந்ததாது இருக்கும் தலதா மாளிகை வாசலில் பையைத் திறந்து, உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 1998 சனவரி 25இல் இந்த வாசலில்தான் லாரிக் குண்டு வெடித்தது. கும்பிட வந்தவர்களையும் குழந்தைகளையும் கொன்றது. அந்தச் செய்தி வந்த அன்று அத்தை சாமி விளக்கை ஏற்றிவிட்டு, நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்ததாக வீட்டில் சொல்வார்கள். யார் சாமியாக இருந்தாலும் சாமி வாசல் சாமி வாசல்தான். பரிசோதனை செய்த பெண் அத்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துப் படி ஏற்றி விட்டாள்.

உள்ளே தாமரையும் அல்லியும் குவிந்து கிடந்த மேடைக்கு முன் மௌனமாக நின்றோம். பிறகு மகுல் மடுவைக்கு வந்தோம். ராஜாதி ராஜசிங்க மன்னன் 1783இல் தொடங்கிய கொலு மண்டபம். மரத்தூண் ஒவ்வொன்றிலும் தச்சன் குடைந்த பூவும் கொடியும். ஒரு தூணைத் தடவிப் பார்த்த அத்தை, “நம்ம ஊரு தேர்க்கால் வேலை மாதிரி இருக்கே” என்றார். கண்ணில்லாதவர் விரலால் கண்டுபிடித்தது சரிதான். இந்த மண்டபத்தில் கொலுவிருந்த கடைசி அரச வம்சம் மதுரைச் சீமையிலிருந்து பெண் கொடுத்து வந்த நாயக்கர் குடி. 1739இல் அரசனுக்கு வாரிசில்லாமல் போக, அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினான். அவனுக்குப் பின் வந்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்.

அந்தக் கீர்த்தி ஸ்ரீயை நான் இரண்டு கையாலும் கும்பிடுகிறேன். சைவ வீட்டில் பிறந்தவன். அற்றுப்போயிருந்த பிக்குகளின் உபசம்பதா மரபை 1753இல் சீயத்துப் பிக்குகளை அழைத்து மீட்டுக் கொடுத்தவன். சீதாவக்கை அரசன் முதலாம் ராஜசிங்கன் ஒரு காலத்தில் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்திருந்த எங்கள் மலையைத் திரும்பவும் பிக்குகளின் பொறுப்பில் விட்டவனும் அவன்தான். இந்த நான்கு தெய்வங்களுக்கும் நடந்துவந்த பெரஹராவில் புத்தரின் தந்ததாதுவை முன்னால் போகச் செய்தவனும் அவனே. பிற்காலத்தவர் அவனைப் பற்றி என்ன கணக்கு வேண்டுமானாலும் போடட்டும். தன் குலதெய்வத்தை ஒரு படி பின்னால் நடக்கவிட்டு, குடிகளின் தெய்வத்தை முன்னால் விட ஒருவனுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற பெயரோடு இருந்த இளைஞன், 1798இல் அரியணை ஏறினான். எதிரே விரிந்து கிடக்கும் ஏரி அவன் வெட்டியது. மாளிகையின் முகமாக நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவையும் அவன் காலத்தது, தேவேந்திர மூலாச்சாரியின் கைவேலை. அவன் செய்த கொடுமையை நான் மூடி மறைக்கவில்லை. 1814இல் பிரதானி எஹெலபொலையின் மனைவி மக்களை அவன் கொல்லச் செய்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அடுத்த வருடமே அவனைப் பிடித்தார்கள். 1815 மார்ச் 2ஆம் தேதி இதே மகுல் மடுவையில் பிரதானிகள் வெள்ளைக்காரனோடு ஒப்பந்தம் செய்து நாட்டைக் கொடுத்தார்கள். 1816 சனவரியில் ராஜாவைக் கப்பலேற்றி, வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே செத்தான். பாலாற்றங்கரையில் கிடக்கிறது அவன் சமாதி.

ராஜா அந்தப் பக்கம் போனான். பத்து வருடம்கூடக் கழியவில்லை, கம்பளைப் பக்கத்துச் சிங்காபிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் சனம் வரத் தொடங்கியது. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, அந்த வேலூர்ப் பக்கமும்தான். மன்னாரில் கரையேறி, காட்டுவழி நடந்து, வழியெல்லாம் பிணமாகச் சரிந்து, மிஞ்சியவர்கள் இந்தக் கண்டிச் சீமைக்கு வந்து சேர்ந்தார்கள். முடியிழந்து போனவனுக்கும், முடியென்றால் என்னவென்றே அறியாமல் வந்தவர்களுக்கும் நடுவில் அந்தக் கடலில் இருந்தது யார்? மடியில் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்த பிடிமண்ணில் மாரியாத்தா இருந்தாள். வந்து பார்த்தால் அவளுக்கு முன்பே அவள் இங்கே வந்திருந்தாள்!

அதைத்தான் சொல்ல வந்தேன். மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டுக் கற்கோயில், இந்த நகரத்திலேயே பழமையான கட்டடம், நம் ஊர்ப் பக்கத்துக் கருவறை அமைப்பு. அதைத் தாண்டினால் பத்தினி தேவாலயம். யார் இந்தப் பத்தினி? மதுரையை எரித்த கண்ணகி. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயிலெடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கஜபாகுதான் அவளுடைய சிலம்பை இங்கே கொண்டுவந்தான் என்பது சிங்கள மரபு. அம்மை கண்ட பிள்ளைக்காகவும், சூல் கொண்ட மகளுக்காகவும் சிங்களத் தாய்மார் இவளிடம்தான் ஓடிவருகிறார்கள். நாம் மாரியிடம் ஓடுவதும் அதற்குத்தானே? நாயக்கர் மதுரையிலிருந்து வருவதற்கு எத்தனையோ நூறு வருடம் முன்பே மதுரையிலிருந்து ஒரு பெண் வந்து, இந்தச் சிங்கள மண்ணின் தாயாகிவிட்டாள். ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்டு நின்றவளை, ராஜாக்களின் அரண்மனை வாசலில் குடிவைத்துக் கும்பிடுகிறார்கள்.

நாங்கள் போனபோது சன்னிதியில் திரை விழுந்திருந்தது. அம்மன் இல்லை! தீர்த்தம் முடித்துக் கட்டுக்கலையில் அல்லவா இருக்கிறாள். எண்ணெய் விளக்கு வரிசையில் வயதான பெண்கள் திரி தூண்டிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் வாடிப்போனேன். அத்தைக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “வீட்டுல உக்காந்திருந்தா நாமதான் அவளைத் தேடி வரணும். இப்ப அவ வீதிக்கு வாரா. நம்மளத் தேடி வாரா, புரியுதா?” வாசலில் மஞ்சளும் பூவும் வைத்துவிட்டு, அந்த மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். என் நெற்றியிலும் இட்டார். அவர் விரல் பட்டவுடன் உச்சியிலிருந்து கால்வரை எனக்கு ஒரு குளிர்ச்சி இறங்கியது. இல்லாத சன்னிதியில் அவள் எவ்வளவு நிறைந்திருந்தாள்!

தெருவோரத்தில் இடம் பிடிக்க வந்தால் இண்டு இடுக்கில்லை. ஒரு சிங்களக் குடும்பம் பாயைச் சுருட்டி, பிள்ளைகளை மடியில் தூக்கிக்கொண்டு, “அம்மே, வாடிவென்ன” என்று அத்தைக்கு இடம் கொடுத்தது. மழை இரண்டு தூறல் போட்டது, யாரும் அசையவில்லை. பிறகு தூரத்தில் சாட்டை வெடித்தது. கசகாரர்கள் வந்தார்கள். கொடிகள் வந்தன. வெஸ் ஆட்டக்காரர்களின் வெள்ளித் தலையணி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. தலதா மாளிகை யானை வந்தபோது கூட்டம் முழுக்க எழுந்து “சாது, சாது” என்றது. நாங்களும் எழுந்தோம். நாதர் போனார். விஷ்ணு போனார். அத்தை ஒவ்வொருவரையும் “யாரு, யாரு” என்று கேட்டுக் கேட்டுக் கும்பிட்டார்.

அடுத்து யாரென்று அவர் கேட்கவில்லை. தெருத் திருப்பத்தில் காவடி மேளம் கேட்டவுடனே “என் ஐயா! முருகா!” என்று அலறிவிட்டார். சிங்கள இளைஞர்கள் மயிற்பீலிக் காவடியைத் தோளில் சுழற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த அடி எங்கள் தோட்டத்து அடி, அந்தச் சுழற்சி எங்கள் லயத்து வாசல் சுழற்சி. உட்கார்ந்திருந்த அத்தையின் பாதங்கள் தாமாகவே தரையைத் தட்டின. கொழுந்து மலையில் அட்டை கடித்து, சரிவில் வழுக்கி, நகம் போன பாதங்கள். ஆட்டக்காரன் ஒருவன் அந்தக் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டு எங்களுக்கு முன் ஒரு சுற்று கூடுதலாகச் சுழன்றுவிட்டுப் போனான். முருகா, யார் கண்ணில் நீ பட்டாலும் படாவிட்டாலும் உன் கண்ணில் நாங்கள் பட்டுவிட்டோம்!

கடைசியில்தான் அவள் வந்தாள். மற்ற ஊர்வலங்களில் ஆண்கள் ஆட, பத்தினியின் ஊர்வலத்தில்தான் மரபாகப் பெண்கள் ஆடி வருகிறார்கள். குடம் ஏந்தியும் கோல் தட்டியும் சின்னப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல் அந்த யானை. “அம்மன் வந்துட்டா அத்தை” என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. நான் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அத்தை பாயைவிட்டு எழுந்து நின்றிருந்தார். புரை விழுந்த அந்தக் கண்கள் சரியாக யானையின் மேல் நிலைத்திருந்தன.

தாயே, உனக்கு யார் அந்நியர்? புகாரில் பிறந்து மதுரையில் நீதி கேட்டாய், கண்டியில் சிங்களத்தில் பாட்டுக் கேட்டாய். நாங்கள் தமிழில் கூப்பிட்டாலும் திரும்புகிறாய். உனக்குத் தேவாலயம் கட்டியவனும் உன் பிள்ளை, லயத்து மூலையில் செங்கல் நட்டு மஞ்சள் பூசியவளும் உன் பிள்ளை. ராஜாக்கள் வரிசையாகப் போய்விட்டார்கள், கப்பலேற்றியவனும் போய்விட்டான். நீ மட்டும் வருடம் தவறாமல் தண்ணீரைப் புதுப்பித்துக்கொண்டு, பிள்ளையார் வாசலில் இளைப்பாறி, இந்த வீதியில் இறங்கி நடந்து வருகிறாய்!

அத்தை உள்ளங்கையை வாயோரம் வைத்து நாக்கைச் சுழற்றிக் குலவை விட்டார். அரண்மனைச் சுவரில் மோதித் திரும்புகிற குலவை. பாய் கொடுத்த சிங்கள அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார், பிறகு தலைமேல் கைகூப்பி “சாது” என்றார். அவர் மகளும் சொன்னாள். எங்கள் வேனில் வந்த பெண்கள் எங்கெங்கோ சிதறி உட்கார்ந்திருந்தவர்கள், அத்தையின் குரலை அடையாளம் கண்டு, கூட்டத்துக்குள் அங்கங்கே எழுந்து நின்று குலவையிட்டார்கள். நானும் விட்டேன். யானை எங்களைத் தாண்டிப் போய், ஏரிப் பக்கம் திரும்பிய பிறகும் விட்டுக்கொண்டே இருந்தோம்.